மேல் சுடாத பிள்ளைகள்

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் என் அத்தையின் புறங்கைக்கு இருந்தது. பிள்ளையின் கழுத்தடியில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "சுடுது" என்றால் டாக்டர். "மேலு சுடல" என்றால் திருநீறும் தூக்கமும். தெர்மாமீட்டர் ஒன்றும் அலமாரியில் இருந்தது. அதுவும் எப்போதும் அவள் கை சொன்னதையே சொன்னதால் அந்தக் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. எனக்கு மாமியாரும் அவள்தான். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே சென்னைக்கு வந்தவர்கள். அப்பா மயிலாப்பூரில் பாத்திரக் கடை வைத்தார். அத்தையைக் கட்டிக்கொண்ட மாமா, அவரும் சொந்தம்தான், தி.நகரில் ஜவுளிக் கடை வைத்தார். அத்தையின் மூத்த மகனுக்கு நான் என்பது நான் பள்ளிக்கூடம் போகும்போதே பேசி வைத்தது. எனக்கும் அதில் மறுப்பு இல்லை. எங்கள் வீடும் தி.நகரில்தான், ஜவுளிக் கடையைப் பிற்பாடு அத்தான்தான் பார்த்துக்கொண்டார். அத்தான் நல்லவர். அதிர்ந்து பேசாதவர். அதிர்ந்து பேசாத ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் மகள் பிறந்தாள். கொப்பூழ்க்கொடி விழ ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. "அம்மாவ விட மனசில்ல இவளுக்கு" என்று அத்தை சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் அவளுக்கு அடிக்கடி கட்டி வரும். மருந்து கொடுத்தால் போய்விடும். காய்ச்சல் மட்டும் வந்ததே இல்லை. மழைக்காலத்தில் தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கொதித்துக் கிடக்கும்போது இவள் சில்லென்று இருப்பாள். "என் பேத்திக்கு இரும்பு உடம்பு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லுவாள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அவளுக்கு இரண்டு வயது நிறையப் போகிற சமயம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் எழுந்தவள் தரையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். தூக்கினால் அழுதாள். சட்டை மாட்டக் கழுத்தைத் திருப்பினால் வீறிட்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்ட மாட்டேன் என்றாள். அத்தையைக் கூப்பிட்டேன். வந்து புறங்கையை வைத்தாள்.

"மேலு சுடலியே. பல்லு முளைக்குதோ என்னவோ. தூங்கட்டும்."

"இல்ல அத்தை, பிள்ள ஒரு மாதிரி இருக்கா. கழுத்தத் தொட்டாலே அழுதா."

"ராத்திரி கோணலாப் படுத்திருப்பா. சுளுக்கு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. மயிலாப்பூரில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். தொண்டை பார்த்தார், காது பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். உடம்பில் கிருமித் தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறிவிடுகிற ஒரு பொருள் உண்டாம்; இவளுக்கு அது ஏறவே இல்லை. "காய்ச்சலும் இல்ல, ரத்தமும் நல்லா இருக்கு. சிணுங்கறா, அவ்வளவுதான். ரெண்டு நாள் பாப்போம்மா" என்றார். அவரை நான் இன்றுவரை திட்டியதில்லை. நோய் என்றால் என்னென்ன அடையாளம் காட்டும் என்று அவர் படித்திருந்தாரோ, அதில் ஒன்றைக்கூட என் மகளின் உடம்பு காட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அத்தானுக்குப் போன் செய்தேன். பின்னால் கடையின் இரைச்சல் கேட்டது.

"சுடுதா?" என்றார்.

"சுடல. ஆனா எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கா, அத்தான்."

"அம்மா என்ன சொல்லுதா?"

"நான் சொல்லுதேன். நீங்க வாங்க."

"கூட்டம் நெருக்குது. கொஞ்சம் பொறு. ஆள மாத்தி விட்டுட்டு வாறேன்."

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். அத்தை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீபாவளி யாவாரம் நடக்குது. இந்த நேரத்துல அவனப் போயி இழுக்காத. சுடாத பிள்ளைக்கு என்னத்துக்குட்டி ஆஸ்பத்திரி?"

அவளை ஒதுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஒதுக்கியது என்றால் தோளால் தள்ளினேன். அதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

தி.நகர் தீபாவளிக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. பனகல் பார்க்கைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாமா, கொயந்த கண்ணே தொறக்காம கீது? ஜொரமா?"

"இல்லண்ணே. சுடவே இல்ல."

"ஜொரம் இல்லன்னா பயப்படாதம்மா. ஒண்ணும் ஆவாது. பொயச்சிக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடையாறு போய்ச் சேரும் வரை அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சுடவில்லை, சுடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடையாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்த டாக்டர் அவளை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கலாக வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார் அவர். நான் ஒரு பைத்தியம் போல, "ஆனா காய்ச்சலே இல்லையே டாக்டர்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு கிருமி இருக்கு, காய்ச்சல் இல்லைன்னு சொல்றீங்களா? நீங்க சரியாப் பார்த்திருக்க மாட்டீங்கம்மா."

தீபாவளிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் தெருவில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் மட்டும் யாரும் வெடி போடவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அத்தை அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. "பெத்தவ கவனிச்சிருக்க வேண்டாமா? எனக்கு வயசாச்சு, எனக்கு என்ன தெரியும்?" அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். எதுவும் பேசவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து மகன் பிறந்தான். அவனுக்கும் கொப்பூழ்க்கொடி சீக்கிரம் விழவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை. அவன் தவழ ஆரம்பித்த சமயம் அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். பால் குடித்தான், சிரித்தான், உடம்பு சில்லென்று இருந்தது. அத்தை கையை வைக்க வருவதற்குள் நான் அவனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அதே அடையாறு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்.

அங்கே அப்போது ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்திருந்தார். என்னைவிட இளையவர். வீக்கத்தைக் கீறி எடுத்ததில் சீழ் கொஞ்சம்தான் வந்தது. கிருமியோ நிறைய இருந்தது. அவர் வார்டில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களிடம் யாரும் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

"கொப்பூழ்க்கொடி எப்போ விழுந்துச்சு?"

சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி குழந்தை இருந்துச்சா?"

சொன்னேன். அவள் எப்படி இறந்தாள் என்றும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று நான் சொன்னபோது இந்த டாக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?"

"அத்தை பையன்."

அவனுடைய ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். பதில் வரச் சில வாரம் பிடித்தது. வந்த அன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் கேட்டுக் கேட்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்கு அது மனப்பாடம்.

"நம்ம உடம்புல பொறக்கும்போதே ஒரு பாதுகாப்பு இருக்கு. தடுப்பூசி போட்டு, நோய் வந்து வந்து கத்துக்கறது வேற. அது அப்புறம் வர்றது. இது முதல் நாள்லேர்ந்தே இருக்கறது. இதுக்குக் கிருமியோட பேரோ ஊரோ தெரியாது. ஆனா கிருமிகளோட மேல்சுவர்ல நம்ம உடம்புல எங்கயுமே இல்லாத சில பொருள் இருக்கும். நூறு விதமான கிருமி இருந்தாலும் அந்தப் பொருள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நம்ம செல்லுங்களோட வெளிப்பக்கம் அதைத் தொட்டுக் கண்டுபிடிக்கறதுக்குன்னே சில உறுப்பு மாதிரி இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். அது தொட்டவுடனே இது நம்மளது இல்லைன்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா?" என்றார் அத்தான்.

"தெரிஞ்சா சேதி உள்ள போகணும். ஒரு புரதம் அடுத்த புரதத்துக்குச் சொல்லும், அது அதுக்கடுத்ததுக்குச் சொல்லும். செல்லோட நடுவுல போய்ச் சேர்ந்தாத்தான் அது ஊரைக் கூட்டும். உடம்பு சுடும், வீங்கும், சிவக்கும், சீழ் கட்டும். காய்ச்சலை என்னமோ கிருமி கொண்டுவருதுன்னு நினைக்கறோம். இல்லைம்மா, அது நம்ம உடம்பு பண்றது. உங்க பையனுக்கு அந்தச் சேதி போற வழியில ஒரு புரதம் இல்லை."

அந்தப் புரதத்தின் பெயர் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும். இவ்வளவு பெரிய துயரத்துக்கு இவ்வளவு சின்னப் பெயரா என்று இருந்தது.

நான் கேட்க நினைத்தது வேறு. "அப்போ என் பொண்ணு உடம்புக்குக் கிருமி வந்ததே தெரியாமப் போச்சா?"

"தெரிஞ்சிருக்கும்மா. தொட்டுப் பார்த்திருக்கும். சேதிதான் உள்ள போகலை" என்றார்.

தெரியவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எத்தனையோ தடவை அந்த நல்ல மனுஷியை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

பிறகு பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று ஒரு தாளில் எங்கள் வம்சத்தை வரைந்து காட்டினார். இந்தக் குறை ஒருவரிடம் ஒற்றையாக இருந்தால் ஒன்றும் செய்யாது. அவர் நூறு வயது வரைக்கும்கூட நன்றாக இருப்பார். அப்பா, அம்மா இருவரிடமும் இருந்து, இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட ஜோடிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கும் அத்தானுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். என் அப்பா வழியாக எனக்கு, அத்தை வழியாக அவருக்கு. அவர்கள் இருவரும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டால் தெளிவாகிவிடும் என்றார். அன்றிலிருந்து என் மகனுக்குத் தினமும் ஆன்ட்டிபயாடிக், மாதா மாதம் ஊசி வழியாக நோய் எதிர்ப்பு மருந்து, தடுப்பூசி ஒன்றுவிடாமல். காய்ச்சலுக்குக் காத்திருக்கக் கூடாது. சோர்ந்தால் போதும், ஓடி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து அத்தான் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டார், டிவி பார்த்தார். நான்தான் சொன்னேன். அத்தை கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"எங்க அப்பா ரத்தத்துலயா கோளாறு? உங்க அம்ம வீட்டுப் பக்கம் விசாரி."

அம்மா வேறு குடும்பம். இதில் சம்பந்தமே இல்லாதவள். ஆனாலும் அவள் பக்கம் கை நீட்டுவதுதான் சுலபம். மயிலாப்பூர் போய் அப்பாவிடம் சொன்னேன். அவராவது கேட்பார் என்று நம்பினேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே, "வம்சத்தப் பத்தி இப்படிக் கடையில வச்சுப் பேசாத" என்றார். வீட்டில் வைத்தும் பேசவிடவில்லை. ரத்தம் கொடுக்க இருவரும் வரவில்லை.

அதற்குள் கொரோனா வந்தது. தி.நகரில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல ஒன்றை நீட்டினார்கள். எங்கள் கடையிலும் ஒரு ஆள் நின்றார். அந்தச் சமயத்தில் ஒரு நாள் என் மகனுக்கு முழங்காலில் கிருமி இறங்கி நடக்க முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போகிறேன், வாசலில் நின்றவர் நெற்றியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நார்மல்மா, சந்தோஷமாப் போங்க" என்றார். எனக்கு அந்தக் கருவியைப் பிடுங்கி ரோட்டில் எறிய வேண்டும் போல இருந்தது. ஊர் மொத்தமும் இப்போது அத்தையின் புறங்கையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறது என்று நினைத்தேன்.

கொரோனா அடங்கிய பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. அத்தானின் தம்பிக்கும் என் தங்கைக்கும். இருவருக்கும் விருப்பம். தங்கை அவனைச் சின்ன அத்தான் என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவாள். இரண்டு குடும்பமும் மயிலாப்பூரில் அப்பா வீட்டில் கூடியிருந்தது. நான் எழுந்து சொன்னேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருமுறை ரத்தம் கொடுங்கள், ஒருவருக்கு இல்லை என்றால் போதும், தைரியமாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

கொழுந்தன் சிரித்தான். "நான் நல்லாத்தான மதினி இருக்கேன்?"

"உங்க அண்ணனும் நல்லாத்தான் இருக்கார்."

அப்பா குறுக்கே வந்தார். "ஏம்மா, உனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கணுமா?"

தங்கை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, நாங்க சந்தோஷமா இருந்தா உனக்கு ஆகாதா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அத்தை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு செத்துச்சுட்டி. உன் புருசனுக்கு முந்தி. பொம்பளப் பிள்ள. முந்தின நா பால் குடிச்சுது, மறுநா கிடையில கிடந்துது, போயிருச்சு. மேலு சுடவே இல்ல. எனக்கு யாரு வட்டம் வரைஞ்சு காட்டுனா? நான் எவன் ரத்தத்தயாவது குத்தம் சொன்னேனா? முழுங்கிட்டு எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன்."

எனக்கு இது புதிது. அத்தான் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் புதிது. அப்பாவின் முகம் மட்டும் மாறவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னை அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

"அத்தை, அந்தப் பிள்ளைக்கும் இதேதான்" என்றேன்.

"சொல்லாத. அத சாமி கொண்டுபோச்சு."

அவளுக்காக எனக்கு மனசு உருகியிருக்க வேண்டும். கொஞ்சம் உருகவும் செய்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் எழுந்தது, அது இன்னும் அடங்கவில்லை. சுடாத பிள்ளையும் சாகும் என்பது இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது என்றால் அவளுக்குத்தான். அவள்தான் என் மகளின் கழுத்தில் கையை வைத்து, சுடவில்லை, தூங்கட்டும் என்றாள். அந்த நிமிஷம் அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லையா? இல்லை, வந்து, அதை உள்ளே விடாமல் தள்ளிவிட்டாளா? நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.

அந்த மாதமே நான் மகனைக் கூட்டிக்கொண்டு அடையாற்றில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அத்தானும் வந்தார், ஆனால் பாதிதான் வந்தார். காலையில் கடை, மத்தியானச் சாப்பாடு அம்மா கையால், இருட்டியபின் எங்கள் வீடு. மகனிடம் பிரியமாக இருக்கிறார். மருந்து எந்த வேளைக்கு எது என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் நடந்தது. யாரும் ரத்தம் கொடுக்கவில்லை. மண்டபத்தில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நானே போய் உட்கார்ந்தேன். மகனுக்கு மாஸ்க் போட்டிருந்தேன். தாலி கட்டும்போது ஒரு சொந்தக்காரம்மா என் பக்கம் குனிந்து, "பிள்ளைக்கு என்னமோ வியாதியாமே, ஒட்டுமா?" என்று கேட்டாள். ஒட்டாது என்றேன். அவள் தன் பேரனை அந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தாள்.

அடுத்த வருஷம் தங்கைக்குப் பெண் பிறந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சில மாதம் கழித்து அதே குரூப்பில் ஒரே களேபரம். தடுப்பூசி போட்டுவந்த பிறகு பாப்பாவுக்கு நூற்றிரண்டு டிகிரி, உடம்பு அனலாகக் கொதிக்கிறது, ஈரத்துணி வைத்தாயா, மருந்து கொடுத்தாயா என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சுடுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சேதி போய்ச் சேருகிறது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

சாயங்காலம் அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரூப்பில்தான், எல்லோரும் கேட்க. "பாத்தீயளா எல்லாரும்? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நல்லாத்தான் காயுது. படிச்சவுக என்னமோ வட்டமும் சதுரமும் வரைஞ்சாவ. நம்ம ரத்தத்துல ஒரு குறையும் இல்ல." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். என் அப்பாவும் ஒன்று போட்டிருந்தார்.

இருவரிடமும் குறை இருந்தாலும் நாலில் மூன்று பங்கு வாய்ப்பு நல்லதுக்குத்தான் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அந்த மூன்றில் ஒன்று விழுந்தது. அதை வைத்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். இதைவிட எப்படி நான் பேசியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை சுடாமல் போயிருந்தால்தான் நான் சொன்னதை நம்பியிருப்பார்கள். அப்படி ஒரு வெற்றி எனக்கு எதற்கு?

போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சந்தோஷமாக ஒன்று சொன்னார். என் மகனுக்கு இப்போது வயது ஏழு. இந்தக் குறை இருக்கிற பிள்ளைகள் வளர வளர ஆபத்து குறைந்துகொண்டே வருமாம். நோய் வந்து வந்து கற்றுக்கொள்கிற அந்த இன்னொரு பாதுகாப்பு பலமாகி, பெரியவர்கள் ஆகும்போது பெரும்பாலும் இயல்பாக இருப்பார்களாம். "இந்த வருஷங்களைத் தாண்டிட்டாப் போதும்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் மனசில் ஏறியது. என் மகளும் கொஞ்ச வருஷம் தாண்டியிருந்தால் போதும். தினம் இரண்டு வேளை மருந்து, கவனிக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. முடியவே முடியாத நோய் என்றிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

கொஞ்ச நாள் முன்பு தங்கை போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து பேசினாள் போல, காற்று இரைந்தது.

"அக்கா, மறுபடியும் மாசமா இருக்கேன்."

"நல்லது. உடம்பப் பாத்துக்கோ."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அந்த டாக்டர் இன்னும் அங்கதான் இருக்காங்களா?" என்றாள்.

இருக்கிறார் என்றேன். எந்தக் கிழமை வருவார், எந்த மாடி என்று சொன்னேன். "நான் உங்கிட்ட கேட்டேன்னு வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா. சின்ன அத்தானுக்கும்தான்" என்றாள். சரி என்றேன். சரி என்று சொல்லும்போதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நடுவில் நின்று நான் கத்திச் சொன்னதை இவள் இப்போது ஒளிந்து நின்று கேட்கிறாள். இருந்தாலும் கூட நான்தான் போனேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அவளோடு அந்த மாடிப்படி ஏறினேன்.

அவளுக்கு அது ஒற்றையாக இருக்கிறது. புருஷனையும் ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவன் வரமாட்டான் என்று அவள் சொன்னாள். கேட்டுப் பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு, கேட்டால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்றாள். பிள்ளை பிறந்த உடனே அதற்குப் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் அன்றைக்கே மருந்து ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை வீட்டுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்று நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

வாரம் ஒருமுறையாவது பேசுகிறாள். குடும்ப குரூப்பில் மட்டும் நான் எது போட்டாலும் அவள் பதில் போடுவதில்லை.